வெட்டுபவனை விட்டு வாங்குபவனைப் பிடிப்பது: மழைக்காடும் கம்பனிகளும் – கேள்வி பதில்

கல்லடியில் எங்கள் வாசகர் வட்டம் சென்ற முறை கூடியபோது, சுற்றாடல் அமைப்புகள் பெரிய கம்பனிகளை எவ்வாறு வழிக்குக் கொண்டுவருகின்றன என்பது பற்றி அரை மணித்தியாலம் பேசினேன். பேசி முடிப்பதற்குள் துண்டுக் காகிதங்களில் வந்த கேள்விகள் என் சட்டைப்பையை நிறைத்துவிட்டன. அன்று நேரம் போதாததால் அவற்றுக்கு எழுத்தில் விடை தருகிறேன். மலேசியாவில் ஓர் அமைப்புக்காக எட்டு ஆண்டுகள், முள்ளுத்தேங்காய் எண்ணெய் (கடைகளில் பாம் எண்ணெய் என்பார்கள்) எந்தத் தோட்டத்திலிருந்து எந்தத் தொழிற்சாலைக்குப் போகிறது என்று தேடித் திரிந்தவன் நான். ஆகவே நான் நடுநிலையாளன் அல்லன் என்பதை வாசிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஓர் ஆசிரியை: ஐயா, காட்டை அழிப்பது தோட்டக் கம்பனி. அப்படியிருக்க, சொக்கலேற் செய்பவருடைய வாசலில் போய் நிற்பது என்ன நியாயம்?

நம் வயல் வட்டைகளில் நடப்பதை எண்ணிப் பாருங்கள், ரீச்சர். இரவோடு இரவாக வாய்க்காலை மறித்துத் தண்ணீரைத் திருப்பியவன் கூலிக்கு நின்ற ஒருவனாகவே இருப்பான். ஆனால் முறைப்பாடு போவது வயலுக்குச் சொந்தக்காரரான போடியாரின் வீட்டுக்குத்தான், ஏனெனில் ஊரில் கெடுவதற்குப் பெயர் உள்ளவர் அவர். போர்னியோவிலோ சுமாத்திராவிலோ காட்டை வெட்டும் தோட்டக் கம்பனியின் பெயரை யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அதை ஏசினால் அதற்கு எந்த நட்டமும் இல்லை. அதன் எண்ணெயை வாங்கும் கம்பனியோ, தன் பெயரைக் குழந்தைகளின் நாவில் பதிப்பதற்காகக் கோடிக்கணக்கில் செலவழித்திருக்கிறது. விளம்பரத்துக்குக் கொட்டிய அந்தப் பணமே அதன் பலவீனம்.

2010 மார்ச் மாதத்தில் கிரீன்பீஸ் அமைப்பு ஒரு நிமிடக் காணொளி ஒன்றை வெளியிட்டது. அலுவலகத்தில் களைத்துப்போன ஒருவர் கிட்கட் உறையைப் பிரிக்கிறார். உள்ளே இருப்பது சொக்கலேற் அன்று, ஒராங்குட்டானின் விரல். அவர் அதைக் கடிக்க, இரத்தம் விசைப்பலகையில் சொட்டுகிறது. சினார் மாஸ் குழுமத்தின் எண்ணெயை நெஸ்லே வாங்குகிறது என்பதும், அக்குழுமம் இந்தோனேசியக் காடுகளை அழிக்கிறது என்பதும் கிரீன்பீஸின் குற்றச்சாட்டு. நெஸ்லே செய்த தவறு, பதிப்புரிமையைக் காட்டி அந்தக் காணொளியை யூடியூபிலிருந்து நீக்கச் செய்ததுதான். மறைக்கிறார்கள் என்றவுடன் பார்க்காதவர்களும் தேடிப் பார்த்தார்கள். கம்பனியின் பேஸ்புக் பக்கம் கண்டனங்களால் நிறைந்தது. இரண்டு மாதம் கழித்து, மே 17ஆம் திகதி, காடழிப்புடன் தொடர்புடைய மூலப்பொருளை வாங்குவதில்லை என்ற கொள்கையை நெஸ்லே அறிவித்தது. இதே வழியை 2008இல் யூனிலீவரிடமும், 2011இல் பார்பி பொம்மையின் அட்டைப்பெட்டியை முன்வைத்து மட்டெல் கம்பனியிடமும் கிரீன்பீஸ் கையாண்டது. நியாயமா என்று கேட்டீர்கள். வாங்குபவர் இல்லாவிட்டால் வெட்டுபவருக்கு வேலையில்லை என்ற அளவில் நியாயமே என்பது என் கருத்து.

ஏறாவூரிலிருந்து ஒரு வர்த்தகர்: எண்ணெய் எல்லாம் ஒரே தாங்கியில் கலந்துவிடுகிறதே. இன்ன காட்டிலிருந்து வந்தது என்று எப்படி நிரூபிப்பீர்கள்?

இதுவே முழு வேலையின் முடிச்சு. அவிழ்க்க உதவியது முள்ளுத்தேங்காய்ப் பழத்தின் ஒரு குணம். பறித்த குலையை ஏறத்தாழ ஒரு நாளுக்குள் ஆலையில் அவித்துவிட வேண்டும். தாமதித்தால் எண்ணெயில் கொழுப்பமிலம் கூடி விலை விழுந்துவிடும். ஆகவே பழம் வெகுதூரம் பயணிக்க முடியாது. ஆலை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், அதற்குப் பழம் கொடுக்கும் தோட்டங்கள் அதைச் சுற்றியே இருக்க வேண்டும். அந்த வட்டத்துக்குள் புதிதாக அழிந்த காட்டைச் செய்மதிப் படங்களில் தேடலாம். 2014 முதல் உலக வளங்கள் நிறுவனத்தின் குளோபல் பொரஸ்ட் வொச் வரைபடங்களை எவரும் இலவசமாகத் திறந்து பார்க்க முடிகிறது. மீதியைக் கால்நடையாகத்தான் முடிக்க வேண்டும். நானும் ஒரு கூட்டாளியும் ஆலை வாசலுக்கு எதிரே இருந்த தேநீர்க் கடையில் ஆறு நாட்கள் உட்கார்ந்து, குலை ஏற்றி வரும் லொறிகளின் இலக்கங்களைப் பாடசாலைக் கொப்பியில் எழுதினோம். ஏழாம் நாள் அவற்றில் ஒன்றின் பின்னால் மோட்டார் சைக்கிளில் போனோம். அது போய் நின்ற இடம், எரிந்த அடிமரங்கள் இன்னும் புகைந்துகொண்டிருந்த ஒரு சரிவு.

வாங்கும் கம்பனிகள் தங்கள் ஆலைப் பட்டியலை வெளியிட வேண்டும் என்று அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் நச்சரித்ததன் காரணமும் இதுவே. 2018இல் யூனிலீவர் 1,400க்கு மேற்பட்ட ஆலைகளின் பெயர்களை வெளியிட்டது. அதன் பிறகு எங்கள் வேலை பாதியாகக் குறைந்தது.

சான்று இல்லாமல் பேசினால் என்னவாகும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. மக்டொனால்ட்ஸ் கம்பனியைக் கண்டித்துத் துண்டுப்பிரசுரம் கொடுத்த இலண்டன்வாசிகள் இருவர் மீது அக்கம்பனி அவதூறு வழக்குத் தொடுத்தது. 1994 முதல் 1997 வரை நடந்த விசாரணையின் முடிவில், பிரசுரத்திலிருந்த சில குற்றச்சாட்டுகள் நிலைநாட்டப்பட்டன. மழைக்காட்டு அழிவு பற்றிய குற்றச்சாட்டோ நிலைநாட்டப்படவில்லை. அந்த வழக்கால் கம்பனியின் பெயர்தான் கூடுதலாகக் கெட்டது என்பது வேறு கதை. ஆயினும் களப்பணிக்கு வரும் இளைஞர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இந்த வழக்கைத்தான்.

காத்தான்குடியிலிருந்து கடை வைத்திருப்பவர்: பேசாமல் பாம் எண்ணெயையே எல்லோரும் பகிஷ்கரித்தால் என்ன?

பெரும்பாலான அமைப்புகள் அதைக் கேட்பதில்லை. ஒரு ஹெக்டேயரில் முள்ளுத்தேங்காய் தரும் எண்ணெயைச் சோயாவிலோ சூரியகாந்தியிலோ தென்னையிலோ எடுக்க வேண்டுமானால் பல மடங்கு நிலம் வேண்டும். அந்த நிலத்துக்காக வேறொரு காடு போகும். நம் அரசாங்கம் 2021 ஏப்ரலில் பாம் எண்ணெய் இறக்குமதியைத் தடை செய்து, உள்ளூர்த் தோட்டங்களையும் கட்டங்கட்டமாக அகற்றும்படி அறிவித்தது உங்களுக்கு நினைவிருக்கும். அது மண்ணையும் நீரையும் பற்றிய கவலையால் எழுந்தது. அமைப்புகளின் கோரிக்கை அதுவன்று. காட்டை வெட்டாமல் விளைந்ததை மட்டும் வாங்குங்கள் என்பதே அவர்கள் கேட்பது.

செங்கலடிப் பக்கத்திலிருந்து ஒரு பட்டிக்காரர்: அமேசன் காட்டை மாட்டுக்காக அழிக்கிறார்கள் என்று சொன்னீர்கள். மாடு கைமாறிக்கொண்டே இருக்கும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

அண்ணன், பிரேசிலில் இருக்கும் நிபுணர்கள் பல ஆண்டுகள் கழித்துக் கேட்ட கேள்வியை நீங்கள் ஒரு துண்டுக் காகிதத்தில் கேட்டுவிட்டீர்கள்.

2009 ஜூன் மாதத்தில் கிரீன்பீஸ் ஓர் அறிக்கையை வெளியிட்டு, அமேசனில் காடழித்த பண்ணைகளின் தோல் புகழ்பெற்ற சப்பாத்துக் கம்பனிகளுக்குப் போகிறது என்றது. ரிம்பர்லாண்ட் கம்பனியின் தலைவருக்கு மட்டும் 65,000 மின்னஞ்சல்கள் வந்ததாக அவரே பின்னர் எழுதினார். தம் தோல் எங்கிருந்து வருகிறது என்பது தமக்கே தெரியாது என்பதை அப்போதுதான் உணர்ந்ததாகவும் ஒப்புக்கொண்டார். தோல் வாங்குபவர்கள் முகம் சுளித்ததும், பிரேசிலின் மிகப் பெரிய இறைச்சிக் கம்பனிகள் நான்கு, காடழித்த பண்ணைகளிடம் மாடு வாங்குவதில்லை என்று அதே ஆண்டு ஒக்டோபரில் கையொப்பமிட்டன.

ஓட்டை எங்கே என்றால், கம்பனிகள் தமக்கு நேரடியாக மாடு விற்கும் பண்ணையைத்தான் சோதித்தன. கன்று பிறப்பது ஒரு பண்ணையில், வளர்வது இன்னொன்றில், கொழுக்க வைப்பது மூன்றாவதில். முதற் பண்ணை காட்டை எரித்திருந்தாலும், கடைசிப் பண்ணை சுத்தமாக இருந்தால் மாடு சுத்தமாகிவிடுகிறது. உங்கள் பட்டியில் ஒவ்வொரு மாட்டுக்கும் குறி சுட்டிருப்பீர்கள். குறியைப் பார்த்தே இது யாருடைய மாடு, எந்தக் குடியைச் சேர்ந்தவருடையது என்று சொல்லிவிடுவீர்கள். பிரேசிலில் அமைப்புகள் இப்போது கேட்பது ஏறக்குறைய அதைத்தான்: பிறந்த இடத்திலிருந்தே ஒவ்வொரு மாட்டுக்கும் தனி அடையாளம்.

அக்கரைப்பற்றிலிருந்து வங்கி ஊழியர் ஒருவர்: கடன் கொடுக்கும் வங்கிகளை யாரும் கேட்பதில்லையா?

கேட்கிறார்கள். ரெயின்ஃபொரஸ்ட் அக்ஷன் நெட்வேர்க் என்ற அமெரிக்க அமைப்பு 2000ஆம் ஆண்டில் சிட்டிகுறூப் வங்கிக்கு எதிராகப் பிரசாரத்தைத் தொடங்கியது. வாடிக்கையாளர்கள் தங்கள் கடனட்டைகளைக் கத்தரிக்கோலால் வெட்டினார்கள். 2004 ஜனவரியில் வங்கி சுற்றாடல் கொள்கை ஒன்றை அறிவித்தது. நோர்வேயின் அரச ஓய்வூதிய நிதியம் 2012இல் 23 பாம் எண்ணெய்க் கம்பனிகளின் பங்குகளை ஓசையின்றி விற்றுவிட்டது. 2013 டிசம்பரில் உலகின் மிகப் பெரிய பாம் எண்ணெய் வியாபாரியான வில்மார், தானும் காடழிப்பை ஏற்பதில்லை என்று அறிவித்ததற்குப் பல காரணங்கள் உண்டு. அந்த ஆண்டு சிங்கப்பூரை மூடிய புகை அவற்றில் ஒன்று, முதலீட்டாளர்கள் கேட்ட கேள்விகளும் அவற்றில் சேரும்.

கல்முனையிலிருந்து சட்டம் படிக்கும் மாணவி: கம்பனிகளின் வாக்குறுதிகளுக்குச் சட்ட வலு இல்லையே. அவை எத்தனை நாளைக்கு நிலைக்கும்?

யாராவது பார்த்துக்கொண்டிருக்கும் வரை நிலைக்கும், தங்கச்சி. 2006 ஜூலையில் பிரேசிலின் சோயா வியாபாரிகள், அமேசனில் புதிதாகக் காடழித்த நிலத்தின் சோயாவை வாங்குவதில்லை என்று உடன்பட்டார்கள். மக்டொனால்ட்ஸின் கோழித் தீவனம்வரை சங்கிலியைத் தொடர்ந்து காட்டிய கிரீன்பீஸ் அறிக்கையே அதற்குத் தூண்டுதல். அதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளில், அமேசனில் புதிதாகச் சோயா விரிந்த நிலத்தில் ஏறத்தாழ 30 வீதம் நேரடியாகக் காட்டை அழித்துப் பெறப்பட்டது. 2014 அளவில் அது 1 வீதமாகிவிட்டது. இந்தத் துறையில் இதைவிடத் தெளிவான வெற்றியை நான் அறியேன். ஒவ்வொரு ஆண்டும் செய்மதி கொண்டு கண்காணித்ததும், வியாபாரிகள் எல்லோரும் ஒன்றாகக் கட்டுப்பட்டதும் அதன் இரகசியம். ஆயினும் பக்கத்திலுள்ள செறாடோ புல்வெளிகள் அந்த உடன்பாட்டுக்குள் அடங்கவில்லை. சோயா அங்கே படர்ந்தது. 2025இல் பிரேசிலின் போட்டி ஒழுங்குமுறை அமைப்பு, வியாபாரிகள் சேர்ந்து இப்படிக் கட்டுப்படுவதே சந்தைப் போட்டிக்கு எதிரானதா என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டது.

ஆகவே அமைப்புகள் இப்போது சட்டத்தை நாடுகின்றன. 2020 டிசம்பர் 31க்குப் பின்னர் காடழித்த நிலத்தில் விளைந்த மாட்டுப்பொருள், கொக்கோ, கோப்பி, முள்ளுத்தேங்காய், இறப்பர், சோயா, மரம் ஆகியவற்றைத் தன் சந்தைக்குள் விடுவதில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் இயற்றியது. விளைந்த நிலத்தின் அமைவிடத்தையும் காட்ட வேண்டும். நடைமுறைக்கு வரும் நாள் இருமுறை பிற்போடப்பட்டிருந்தாலும், நம் நாட்டு இறப்பர் ஏற்றுமதியாளருக்கும் இது பொருந்தும் என்பதால் நீங்கள் அதைப் படித்து வைப்பது பயன்தரும்.

பட்டிருப்பிலிருந்து ஒரு மாணவன்: சேர், இந்த அமைப்புகள் கம்பனிகளிடம் பணம் வாங்குகின்றனவா?

சில வாங்குகின்றன, சில வாங்குவதில்லை. கிரீன்பீஸ் கம்பனிகளிடமோ அரசாங்கங்களிடமோ நன்கொடை பெறுவதில்லை என்பதைக் கொள்கையாகவே வைத்திருக்கிறது. உலக வனவிலங்கு நிதியம் கம்பனிகளுடன் கூட்டுச் சேர்ந்து இயங்குகிறது. ஒருவர் கதவை உதைக்க, மற்றவர் உள்ளே மேசையில் இருந்து பேசுகிறார்; வெளியே உதைப்பு இல்லாவிட்டால் உள்ளே தேநீர் மட்டுந்தான் கிடைக்கும் என்பது என் அனுபவம். பச்சை முத்திரைகளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதே, மகன். 1993இல் தொடங்கிய காட்டு மரச் சான்றிதழ் அமைப்பில் ஆரம்பகாலம் முதல் உறுப்பினராயிருந்த கிரீன்பீஸ் இன்டர்நஷனலே 2018இல் அதிலிருந்து விலகிவிட்டது.

திருக்கோவிலிலிருந்து ஒரு மீனவர்: எங்கள் கரையில் கனிய மணல் தோண்ட வருகிறார்கள். அவர்களுக்கு விளம்பரமும் இல்லை, கடையும் இல்லை. உங்கள் வித்தை இங்கே பலிக்குமா?

அப்படியே பலிக்காது, ஐயா. பெயருக்கு அஞ்சாதவனிடம் பெயரைக் கெடுப்பேன் என்று சொல்லிப் பயனில்லை. அங்கே பிடி வேறு இடத்தில் இருக்கிறது: அனுமதிப்பத்திரத்தில்.

இந்த நாட்டில் அதற்கு முன்னுதாரணங்கள் உள்ளன. 1970களில் சிங்கராஜக் காட்டில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காக இயந்திரங்கள் கொண்டு மரம் தறித்தார்கள்; விஞ்ஞானிகளும் இயற்கை ஆர்வலர் சங்கங்களும் விடாது எதிர்த்ததால் அத்தசாப்தம் முடிவதற்குள் அது நின்றது, 1988இல் அக்காடு உலக மரபுரிமைத் தலமானது. எப்பாவலையில் அமெரிக்கக் கம்பனி ஒன்றுடன் சேர்ந்து பொசுபேற்று அகழும் திட்டத்தை எதிர்த்து அவ்வூரார் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். முறையான ஆய்வும் சூழல் தாக்க மதிப்பீட்டு அங்கீகாரமும் இன்றித் திட்டத்தில் இறங்க முடியாது என்று 2000இல் தீர்ப்பு வந்தது.

உங்கள் சங்கம் செய்யக்கூடியது இரண்டு. சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டால், அறிவித்தல் வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். கூட்டத்தில் எழுந்து சத்தமிட்டது கோவையில் ஏறாது, கடிதம் ஏறும். கரைவலை இழுக்கும் இடங்கள், மணல் தோண்டினால் உவர்நீர் ஏறக்கூடிய கிணறுகள் ஆகியவற்றைக் குறித்த கைவரைபடத்தையும் அதனுடன் இணையுங்கள். அடுத்து, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், எந்த நிறுவனத்துக்கு, எத்தனை ஏக்கரில், என்ன நிபந்தனையுடன் அனுமதி கொடுக்கப்பட்டது என்று கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவை அறிவிக்க வேண்டும். அந்தத் தாள் கைக்கு வந்த பிறகு, மணலை வாங்கப்போவது யார், கடன் கொடுத்தது யார் என்று தேடுவோம். அந்த வேலையில் நான் உங்களுடன் இருக்கிறேன். விண்ணப்பத்தை எழுத ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போதும், உங்கள் சங்கக் கட்டடத்துக்கே வருகிறேன்.