கேள்வி – பதில்: தக்காணத்துக் கரும்பாறையில் மாணவர்கள் எதை அளக்கிறார்கள்?

கேள்வி: என் மகள் புவி இயற்பியலில் முதுகலை படிக்கிறாள். எரிமலை நிலப்பரப்பில் களப்பயிற்சி என்று சொல்லி, மகாராஷ்டிரத்தின் மகாபலேஸ்வரம் பகுதிக்கு அழைத்துச் செல்கிறார்கள். அங்கே எரிமலையே கிடையாதே, எதை அளக்கப் போகிறார்கள்? ஆபத்து ஏதும் உண்டா?
– ஒரு தாய், திருச்சி

பதில்: எரிமலையால் ஆபத்து எதுவும் இல்லை, இந்தியாவில் இன்றும் உயிர்ப்புடன் இருப்பது அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவு எரிமலைதான். மலைப்பாதையில் போக்குவரத்து, வெயில், சுத்தியலால் தட்டும்போது தெறிக்கும் கூரிய பாறைச் சில்லு ஆகியவற்றில்தான் கவனம் வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடியும் கணுக்காலை மூடும் காலணியும் கட்டாயம் வாங்கிக் கொடுங்கள்.

மகாபலேஸ்வரத்தைச் சுற்றிப் படிப்படியாகத் தெரியும் மலைச்சரிவுகள் முழுவதும், சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நிலப்பிளவுகளின் வழியே பெருகி வந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பரவி இறுகிய பசால்ட் பாறைக் குழம்பு அடுக்குகளே. இன்றும் ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு அவை பரந்து கிடக்கின்றன. குழம்பு ஆறும்போது அதிலுள்ள மாக்னடைட் போன்ற இரும்புக் கனிமங்கள் அன்றைய புவிக்காந்தப் புலத்தின் திசையைத் தமக்குள் பதித்துக்கொண்டன. மலையடிவாரத்திலிருந்து மேலே ஏறிச் சென்றால், கீழ் அடுக்குகளில் அந்தத் திசை இன்றைய புலத்துக்கு எதிராக இருப்பதையும், உச்சியை நெருங்கும் அடுக்குகளில் இன்றைய போக்குக்கு மாறிவிடுவதையும் காணலாம். குழம்பு பெருகிய காலத்திலேயே பூமியின் காந்தத் துருவங்கள் இடம் மாறியிருக்கின்றன என்பது இதன் பொருள். 1950களில் இப்பாறைகளின் காந்தச் சாய்வை, அதாவது பதிந்த திசை கிடைமட்டத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை அளந்தவர்கள் (இது நிலநடுக்கோட்டிலிருந்து உள்ள தொலைவைப் பொறுத்து மாறும்), அவை உருவானபோது இந்தியா நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருந்தது என்று கண்டார்கள். கண்டங்கள் நகர்கின்றன என்பதைப் பலர் ஏற்க மறுத்த காலத்தில் கிடைத்த சான்று அது. அதே பாறையில் தன் கையால் மாதிரி எடுப்பது ஒரு மாணவிக்கு எவ்வளவு பெரிய வாய்ப்பு என்பதை அவளிடம் சொல்லுங்கள்.

களத்தில் இந்த வேலை பொறுமையைச் சோதிக்கும். பாறைமுகத்தின் அருகே திசைகாட்டியைக் கொண்டுபோனால், சில இடங்களில் முள் வடக்கை விட்டு விலகிவிடும். ஆகவே மாதிரி எந்தத் திசையை நோக்கி இருந்தது என்பதைச் சூரியனின் நிழலை வைத்தும் குறித்துக்கொள்வார்கள். குன்றின் உச்சியில் துருத்தி நிற்கும் பாறையை, எடுப்பதற்கு வசதியாக இருந்தாலும், தவிர்த்துவிடுவார்கள். பல காலமாக அங்கே விழுந்த இடியின் மின்னோட்டம் பழைய காந்தப் பதிவை அழித்துப் புதியதை எழுதியிருக்கக்கூடும். காந்தப் புலத்தின் வலிமையை அளக்கும் புரோட்டான் காந்தமானியைச் சுமந்து நடப்பவர் சாவி, கைப்பேசி, இரும்புக் கொக்கி வைத்த பெல்ட் எதையும் உடலில் வைத்திருக்கக் கூடாது. புலத்தின் மொத்த அளவு அங்கே ஏறத்தாழ 42,000 நானோடெஸ்லா (காந்தப் புலத்தின் அலகு). அதில் சில பத்து நானோடெஸ்லா வேறுபாட்டைத் தேடும்போது ஒரு சாவிக்கொத்தும் கணக்கைக் கெடுத்துவிடும். சூரியனால் புலம் நாள் முழுவதும் மெல்ல மாறிக்கொண்டே இருப்பதால், இன்னொரு கருவி ஒரே இடத்தில் நின்று அந்த மாற்றத்தைப் பதிவு செய்துகொண்டிருக்க வேண்டும். அந்தக் கருவியைக் காவல் காக்கும் பணி உங்கள் மகளுக்கு வாய்த்தால் அதை ஓய்வென்று எண்ண வேண்டாம். அது பிசகினால் மற்றவர்கள் நடந்த நடையெல்லாம் வீண்.

கேள்வி: புவியீர்ப்பை அளக்கும் ஈர்ப்புமானிப் பயிற்சியில், ஒவ்வொரு இடத்தின் உயரத்தையும் சென்டிமீட்டர் வரை குறிக்கச் சொல்கிறார்கள். இவ்வளவு கறார் எதற்கு?
– மாணவர், தஞ்சாவூர்

பதில்: ஒரு மீட்டர் மேலே ஏறினால் புவியீர்ப்பு சுமார் 0.31 மில்லிகால் (ஈர்ப்பை அளக்கும் அலகு) குறைகிறது. உங்கள் கையிலுள்ள ஈர்ப்புமானியோ 0.01 மில்லிகால் வரை காட்டக்கூடியது. உயரத்தில் 10 சென்டிமீட்டர் தவறினால், கருவியின் நுட்பத்தைப் போல மூன்று மடங்கு பிழையை நீங்களே சேர்த்துவிடுகிறீர்கள். கருவியின் வில்லும் நேரம் போகப் போகச் சற்றுத் தளரும் என்பதால், இடையிடையே தொடக்கப் புள்ளிக்குத் திரும்பி வந்து மறுபடி அளக்க வேண்டும். அலுப்பாக இருந்தாலும் அதைத் தவிர்க்காதீர்கள்.

இந்தக் கறாரான அளவு தக்காணத்தில் வேறெங்கையும்விட அவசியம். அங்கே அடித்தளக் கிரானைட்டைப் பசால்ட் போர்வை முழுவதுமாக மறைத்திருப்பதால், அதிலுள்ள பிளவுகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. மகாபலேஸ்வரத்துக்குத் தெற்கே கொய்னாவில், அணை நீர்த்தேக்கம் நிரம்பிய சில ஆண்டுகளில், 1967 டிசம்பர் 11 அன்று 6.3 அளவில் நிலம் அதிர்ந்தது. அந்த அதிர்வு தோன்றிய இடம் அந்தப் போர்வைக்கு அடியில்தான் இருந்தது. பிற்காலத்தில் அங்கே 3 கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டுக் கிரானைட்டை நேரடியாக ஆராய்ந்தார்கள். எல்லா இடத்திலும் அப்படித் துளையிட முடியாது. மற்ற இடங்களில் பசால்ட்டுக்கும் கிரானைட்டுக்கும் உள்ள அடர்த்தி வேறுபாட்டைக் கொண்டு, அடியில் உள்ளதை ஈர்ப்பு அளவுகளிலிருந்துதான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே ஒவ்வொரு அளவுக்கும் நேரம், உயரம், அருகிலுள்ள சரிவின் தோராயப் படம் மூன்றையும் அந்த இடத்திலேயே குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். இரவில் விடுதிக்கு வந்து நினைவிலிருந்து நிரப்பாதீர்கள்.