ரிவர்ஸில் பிரேக் பிடிக்கிறது, வலது சக்கரம் மட்டும் கொதிக்கிறது

வணக்கம். சிங்கப்பூர் சாங்கி படகுத் தளத்தில் படகை இறக்க ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுத்தால் அதன் டிஸ்க் பிரேக் இறுகுகிறது, முன்னே ஓட்டும்போது வலது சக்கரம் மட்டும் சுடுகிறது என்கிறீர்கள். இவை இரண்டும் தனித்தனிக் கோளாறுகள் போலத் தெரிகிறது.

ரிவர்ஸில் கார் தள்ளும்போது கப்ளர் (ட்ரெய்லரைக் காரோடு இணைக்கும் முன்முனை) உள்ளே போய், பிரேக் எண்ணெயை அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரை அழுத்தும். அந்த எண்ணெய் பிரேக்கை இறுக்காமல் தடுப்பது ரிவர்ஸ் சொலினாய்டு (மின்சாரத்தில் இயங்கும் வால்வு). கியரை ரிவர்ஸில் போட்டதும் அதிலிருந்து 'டக்' சத்தம் வரவேண்டும். வராவிட்டால் டெஸ்ட் விளக்கால் 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். பெரும்பாலும் உப்பு அரித்த எர்த் வயர்தான் காரணம்.

சூட்டுக்கு: மறுபக்கச் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, வலது சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். இறுகியிருக்கும்போதே காலிப்பரில் (டிஸ்க்கை இறுக்கும் பிடி) உள்ள ப்ளீடர் திருகை அரைச்சுற்றுத் திறங்கள். சக்கரம் விடுபட்டால் ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி எண்ணெயைத் திரும்ப விடாமல் பிடித்திருக்கிறது, ஹோஸை மாற்றுங்கள். வெளியே புதிதாகத் தெரிந்தாலும் நம்பவேண்டாம். விடுபடாவிட்டால் காலிப்பரின் ஸ்லைடு பின் அல்லது பிஸ்டன் துருப்பிடித்திருக்கலாம். மாஸ்டர் சிலிண்டரை வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள், அது கெட்டால் இரு பக்கமும் சுடும்.

பிறகு மாஸ்டர் சிலிண்டர் மூடியில் குறித்த பிரேக் எண்ணெயை ஊற்றி (பெரும்பாலும் டாட் 3), அதற்குத் தூரமான சக்கரத்திலிருந்து காற்றெடுங்கள். பேரிங் கிரீஸையும் பாருங்கள், அந்தச் சூட்டில் உருகியிருக்கலாம். சரியாகும்வரை தயவுசெய்து விரைவுச்சாலையில் இழுக்காதீர்கள்.