தானா முளைச்ச செடி மணத்தக்காளியா, ஊமத்தையா?

கேள்வி: மக்கு உரம் போட்ட பாத்தியில நான் விதைக்காமலே நாலஞ்சு செடி முளைச்சு முழங்கால் உயரம் வந்துடுச்சுங்க. இலை மிளகா இலை மாதிரி, ஆனா அகலம் ஜாஸ்தி. சின்ன வெள்ளைப் பூ, பச்சைக் காய் இருக்கு. ஒருத்தர் மணத்தக்காளிங்கிறார், இன்னொருத்தர் விஷச்செடி பிடுங்கிப் போடுங்கிறார். மூணு போட்டோ அனுப்பிருக்கேன். கீரையா பறிக்கலாமா?

பதில்: வணக்கம்ங்க. இப்போதைக்கு ஒரு இலை கூட பறிக்காதீங்க, ஏன்னா நீங்க ஒரே செடின்னு நினைச்சு அனுப்பின மூணு போட்டோவுல ரெண்டு வேற வேற செடி இருக்கு.

முதல் ரெண்டு போட்டோ மணத்தக்காளிதான். நான் இலையை வச்சு சொல்லல, இந்தக் குடும்பத்துல (மிளகா, தக்காளி, கத்தரி, ஊமத்தை எல்லாம் ஒரே குடும்பம்தான்) இளசுல இலையை மட்டும் பாத்து முடிவு பண்றது ரொம்ப ஆபத்து, போன் ஆப் கூட அங்கதான் தப்பா சொல்லும். பூ எங்க, எப்படி உக்காந்திருக்குன்னு பாருங்க. உங்க செடியில இலைக்கக்கத்துல (இலைக்காம்பு தண்டோட சேர்ற இடம்) இல்லாம கொஞ்சம் தள்ளி தண்டுலேர்ந்தே ஒரு சின்னக் காம்பு கிளம்பி, அதுல நாலஞ்சு பூ கொத்தா தொங்குது. அஞ்சு வெள்ளை இதழ் பின்னாடி மடங்கி, நடுவுல மஞ்சளா கூம்பு நீட்டிக்கிட்டு இருக்கு. மிளகாயா இருந்தா அந்த நடுப்பகுதி பெரும்பாலும் நீலமா, ஊதாவா இருக்கும். சொடக்குத்தக்காளின்னா இலைக்கக்கத்துல ஒத்தைப் பூ, வெளிர் மஞ்சள்ல வரும், காயைச் சுத்தி பேப்பர் மாதிரி கூடு மூடியிருக்கும். குளிர் நாட்டுல இருக்கிறவங்க பெல்லடோனாவையும் கவனிக்கணும், அதுல பளபளன்னு கருப்புப் பழம் ஒத்தை ஒத்தையா, அடியில அகலமான பச்சை இதழோட இருக்கும், கொத்தா வராது. அது கடும் விஷம்.

மூணாவது போட்டோதான் எனக்குக் கவலை. அதுல தண்டு ஊதா கலர், கவையா பிரியுது, இலை உள்ளங்கை அளவு, இலையோட அடிப்பக்கம் காம்புல சேர்ற இடத்துல ஒரு பக்கம் மேல ஒரு பக்கம் கீழன்னு கோணலா இருக்கு. பூ இன்னும் வரல. எனக்கு ஊமத்தை மாதிரிதான் தெரியுது. கிளவுஸ் போட்டுக்கிட்டு ஒரு இலையைக் கசக்கிப் பாருங்க, குமட்டுற வாடை அடிச்சா சந்தேகம் இன்னும் வலுக்கும். பூ வந்துட்டா கேள்வியே இல்ல, நீளமா புனல் மாதிரி பெரிய பூ, அப்புறம் முள்ளு முள்ளா காய். வாயில வச்சு ருசி பாக்குற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், இலை, வேர், விதை எல்லாத்துலயும் அட்ரோபின், ஸ்கோபாலமின்ங்கிற விஷப்பொருள் இருக்கு. தெரியாம யாராவது சாப்பிட்டு வாய் வறண்டு, கண்ணு பாப்பா விரிஞ்சு, சம்பந்தமில்லாம பேச ஆரம்பிச்சா செடியோட ஒரு கிளையையும் எடுத்துக்கிட்டு உடனே ஆஸ்பத்திரி போயிடணும். தொட்ட கையால கண்ணைத் தேய்ச்சா கூட பாப்பா விரியும், சோப்பு போட்டு கழுவுங்க.

ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு நிக்குது, அதனால கீரை பறிக்கும்போது ஒரு கைப்பிடியில கலந்துரும். முதல்ல அந்த ஊமத்தையை வேரோட பிடுங்குங்க. அதுக்கப்புறம் மிச்சச் செடியை ஒவ்வொண்ணா பூவைப் பாத்து உறுதி பண்ணிட்டு இளந்தளிரைப் பறிச்சு நல்லா வேகவச்சு சாப்பிடலாம். பச்சைக் காயை அப்படியே வாயில போடாதீங்க, சோலனின்ங்கிற விஷப்பொருள் அதுலதான் ஜாஸ்தி, நல்லா கருத்துப் பழுத்த பிறகு சாப்பிடலாம்.

எப்படி வந்துச்சுன்னு கேட்டா, மணத்தக்காளி பெரும்பாலும் பறவை எச்சத்துல வரும், ஊமத்தை விதை சரியா சூடேறாத மக்கு உரத்துலயோ எருவுலயோ வந்திருக்கலாம். பக்கத்துல தக்காளி போட்டிருந்தா மணத்தக்காளியையும் தள்ளி ஒரு தொட்டிக்கு மாத்திடுங்க, வெள்ளை ஈயும் இலைச்சுருட்டு வைரஸும் அதுல தங்கி தக்காளிக்கு வரும். பிடுங்கின ஊமத்தையில காய் இருந்தா வெடிக்கிறதுக்கு முன்னாடி கவர்ல போட்டுக் கட்டிடுங்க, மக்குக் குழியில போடாதீங்க, அந்த விதை மண்ணுக்குள்ள பல வருஷம் கிடந்து முளைக்கும்.