பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: ஒன்பது வயது மகளுக்கு சீலியாக் நோய் என்று போன மாதம் உறுதியானது. கடையில் கிலோ 380 ரூபாய்க்கு ஒரு மாவு வாங்கினேன். முன்பக்கம் ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று பெரிதாக இருக்கிறது. பின்பக்கம் பொடி எழுத்தில் ‘கோதுமை பதப்படுத்தும் இடத்தில் தயாரானது’ என்கிறது. சர்க்கரை, மாவுச்சத்து செரிக்காதவர்களுக்கும் இது நல்லது என்கிறார் கடைக்காரர். நம்பலாமா? பணம் திரும்பக் கிடைக்குமா?
— வாசகி, பெரம்பூர்

பதில்: பணத்துக்கு அப்புறம் வருவோம். அந்த மாவு உங்களுக்குத் தேவையே இல்லை. சீலியாக் உள்ளவர்களின் குடலுக்கு ஆகாதது குளூட்டன் என்ற புரதம். அது இருக்கும் கோதுமை, பார்லி, ரை என்ற மூன்று தானியங்களையும்தான் விலக்க வேண்டும். அரிசி, உளுந்து, கேழ்வரகு, கம்பு, தினை எதிலும் குளூட்டன் கிடையாது. இட்லியும் இடியாப்பமும் சாப்பிடும் வீட்டில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. ரவை, மைதா, சேமியா, மால்ட் பானங்கள் போக வேண்டும். ‘பாரம்பரியம்’ என்று விற்கும் சம்பா கோதுமையும் கோதுமைதான்.

ஆனால் ஆபத்து நாம் சந்தேகப்படாத இடத்தில் இருக்கிறது. உங்கள் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். கூட்டுப் பெருங்காயத்தில் கோந்தோடு மைதாவோ கோதுமை மாவோ சேர்ப்பது வழக்கம். ரசம், சாம்பார், மோர், ஊறுகாய் என்று தினமும் உள்ளே போகும். அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். கடை சாம்பார்ப் பொடிக்கும் இதே சோதனை.

அடுத்தது தெருமுனை மாவு மில். உங்களுக்கு முன்னால் நிற்பவர் கோதுமை அரைக்கிறார். அதே கல், அதே துணிக் குழாய். “முதல்ல ஒரு கை அரிசி போட்டுத் தள்ளிட்டேன்மா” என்பார் மில்காரர். அது போதாது. கேழ்வரகைக் கழுவிக் காயவைத்து வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலியுங்கள். கொஞ்சம் அலுப்புதான், ஆனால் 380 ரூபாய் மிச்சம். ஹோட்டலில் ரவா தோசை ஊற்றிய அதே கல்லில்தான் சாதா தோசையும் வரும், மறக்காதீர்கள்.

கடைக்காரரின் வைத்தியத்தை விட்டுவிடுங்கள். சீலியாக் என்பது குளூட்டன் பட்டதும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலைத் தாக்குவது. சர்க்கரை செரிக்காதது அப்படி இல்லை; உதாரணமாக, பால் சர்க்கரை செரிக்காதது லாக்டேஸ் என்ற செரிமான நொதி போதாமையால் வருவது. இரண்டும் வேறு. குடல் புண்பட்ட பிள்ளைக்குச் சில காலம் பாலும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், குடல் ஆறியதும் பெரும்பாலும் சரியாகும். நொதி மாத்திரை போட்டுக்கொண்டு பரோட்டா சாப்பிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குடும்பத்தில் மற்றவர்களுக்கும் பரிசோதனை செய்யச் சொல்லியிருப்பார்கள். ரத்தம் கொடுக்கும்வரை அவர்கள் கோதுமையை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் முடிவு தப்பாக வரக்கூடும்.

இனி பணம். நம் நாட்டில் குளூட்டன் இல்லாதது என்று போட கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. பின்பக்க எச்சரிக்கையை வைத்தே வரம்பு மீறியது என்று சொல்லிவிட முடியாது, ஆனால் கேள்வி கேட்க அது போதும். பரிசோதனை அறிக்கையைத் தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள், உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் எழுதுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது என்றாலும், 380 ரூபாய்க்காக அங்கே அலைய வேண்டாம் என்பேன். பாக்கெட்டை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். அதிலுள்ள 14 இலக்க உரிம எண், பேட்ச் எண் இரண்டையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பில் தொலைந்திருந்தால், போனில் பணம் அனுப்பிய குறுஞ்செய்தி இருக்கிறதா பாருங்கள்.