கறிவேப்பிலைச் செடியில் புழு வளர்க்கும் பிளஸ் டூ மாணவிக்கு இன்னொரு நீட் வருடம் வேண்டாம்

கோபிசெட்டிப்பாளையம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகள் பிளஸ் டூ, கணிதம் இல்லாத பியூர் சயின்ஸ் குரூப். நீட் மாதிரித் தேர்வுகளில் மார்க் 300-ஐத் தாண்டவில்லை. பெரிய மாமா நாமக்கல்லில் ஹாஸ்டலோடு ரிப்பீட்டர் பேட்ச் விசாரித்துவிட்டாராம். அதிலும் கிடைக்காவிட்டால் மேனேஜ்மென்ட் சீட், அதற்குத் தோட்டத்தில் ஒரு பகுதியை விற்கலாம் என்கிறார். பெண்ணோ வீட்டுக் கறிவேப்பிலைச் செடியிலிருந்து புழுக்களை எடுத்துப் பாட்டிலில் வளர்த்து, எது என்றைக்குக் கூடு கட்டியது என்று நோட்டில் எழுதி வைக்கிறாள். "பட்டாம்பூச்சியோட ஜீன் பத்திப் படிக்கணும்" என்கிறாள். இது சோறு போடுமா என்பது அம்மாவின் கேள்வி.

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. ஆனால் உங்களைச் சமாதானப்படுத்தி அனுப்பினால் மே மாதம் தோட்டம் கைமாறிவிடும். அதனால் நேராகச் சொல்கிறேன்: ரிப்பீட்டர் வருடம் வேண்டாம், நிலத்தை விற்க வேண்டாம்.

2025-ல் நீட் எழுதியவர்கள் 22 லட்சத்துக்கும் மேல். எம்.பி.பி.எஸ். இடங்கள் அரசு, தனியார் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 1.2 லட்சம். டாக்டர் ஆகியே தீர வேண்டும் என்று துடித்து, சில மார்க்கில் தவறவிட்ட பிள்ளைக்கு இன்னொரு வருடம் கொடுப்பதில் அர்த்தம் உண்டு. உங்கள் மகள் அந்த ரகம் இல்லை. அவளுக்கு விருப்பமில்லாத ஒன்றுக்காக ஒரு வருடத்தையும் குடும்பச் சொத்தையும் பணயம் வைப்பது தவறு, சொல்வது மாமாவாகவே இருந்தாலும்.

நர்சிங், பி.ஃபார்ம், பாராமெடிக்கல், இன்ஜினியரிங் பற்றி நான் எழுதப் போவதில்லை. அதைச் சொல்ல உங்கள் தெருவிலேயே ஆள் இருப்பார்கள். மகள் கேட்பதைப் பற்றித்தான் யாரும் உங்களிடம் விளக்கமாகப் பேசியிருக்க மாட்டார்கள்.

உங்கள் செடியில் இருக்கும் புழு கறிவேப்பிலை அழகியாகவோ எலுமிச்சை அழகியாகவோ இருக்கலாம். இரண்டும் சிறு பருவத்தில் பறவை எச்சம் போலத் தெரியும், அப்புறம் பச்சையாக மாறும். கறிவேப்பிலை அழகியில் ஆண் எல்லாம் ஒரே சாயல்: கறுப்பு உடல், பின்னிறக்கையில் வெள்ளைத் திட்டுகளின் வரிசை. பெண்ணுக்கோ நம் நாட்டில் மூன்று தோற்றம். ஒன்று ஆணைப் போலவே இருக்கும். ஒன்று ரோஜா அழகியைப் போல, மற்றொன்று சிவப்புடல் அழகியைப் போல இருக்கும். அந்த இரண்டு அழகிகளும் ஆடுதீண்டாப்பாளை, ஈசுரமூலி போன்ற செடிகளைத் தின்று வளர்பவை. செடியின் நஞ்சு அவற்றின் உடலிலும் தங்கிவிடுவதால் பறவைகள் ஒதுக்கிவிடும். நஞ்சே இல்லாத கறிவேப்பிலை அழகி அந்த வேஷத்தைப் போட்டுக்கொண்டு பிழைக்கிறது.

ஒரே தாய் இட்ட முட்டைகளிலிருந்து இரண்டு விதமான பெண்கள் வரலாம், நடுவாந்தரமாக ஒன்றும் வராது. எப்படி? இறக்கையின் வடிவத்துக்கு ஒன்று, நிறத்துக்கு ஒன்று, புள்ளிகளுக்கு ஒன்று என்று பல மரபணுக்கள் நெருக்கமாகக் கட்டுண்டு ஒன்றாகக் கைமாறுகின்றன என்று பல பத்தாண்டுகளாக நினைத்தார்கள். 2014-ல் பெங்களூருவில் உள்ள என்.சி.பி.எஸ். என்ற உயிரியல் ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானி கிருஷ்ணமேக் குண்டேவும் சிகாகோ பல்கலைக்கழகக் குழுவும் நேச்சர் இதழில் விடையை வெளியிட்டார்கள். டபுள்செக்ஸ் என்ற ஒரே மரபணுதான் காரணம். பூச்சிகளின் உடலில் ஆண், பெண் வேறுபாட்டை உருவாக்குகிற மரபணு அது. வேஷம் போடும் வகையில், அந்த மரபணு உட்கார்ந்திருக்கும் டி.என்.ஏ. துண்டு தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. அதனால் அந்தத் துண்டின் இரண்டு வடிவங்களும் ஒன்றோடொன்று கலப்பதில்லை, நடுவாந்தரத் தோற்றமும் வருவதில்லை. உங்கள் மகள் நோட்டில் எழுதிவைக்கும் விஷயத்தின் தொடர்ச்சி இது. கொல்லைப்புறச் செடியில் தொடங்குகிற கேள்வி உலகத்தின் முதல்தர ஆராய்ச்சி இதழ் வரை போகும் என்பதை மாமாவுக்கும் சொல்லுங்கள்.

பட்டாம்பூச்சிகளின் மரபணுவை ஆராயும் இந்தத் துறையின் இன்னொரு பாதி வம்சாவளி தேடுவது. பட்டாம்பூச்சி தனி இனம், அந்துப்பூச்சி தனி இனம் என்று பள்ளியில் படிக்கிறோம். டி.என்.ஏ. காட்டும் குடும்ப மரத்தில் பட்டாம்பூச்சிகள் அந்துப்பூச்சிகளுக்குள் இருக்கும் ஒரு கிளை மட்டுமே. 2023-ல் வெளிவந்த ஓர் ஆய்வு 2,200-க்கும் மேற்பட்ட இனங்களிலிருந்து 391 மரபணுக்களை ஒப்பிட்டு, பட்டாம்பூச்சிகள் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கக் கண்டத்தில் அந்துப்பூச்சிகளிலிருந்து பிரிந்தன என்று கணித்தது. இனத்தை அடையாளம் காண இவ்வளவு கூடத் தேவையில்லை. பூச்சியின் ஒரு காலிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட ஒரு துண்டின் 658 எழுத்துகளைப் படித்தாலே பெரும்பாலும் போதும். கோஸ்டாரிகாவில் ஒரே பெயரில் அழைக்கப்பட்டு வந்த ஒரு பட்டாம்பூச்சி, உண்மையில் பத்து இனங்கள் என்று 2004-ல் ஆய்வாளர்கள் சொன்னது இந்த எழுத்துகளையும், புழுக்களின் தோற்றத்தையும், அவை தின்னும் செடிகளையும் சேர்த்துப் பார்த்துத்தான்.

இதனால் யாருக்கு என்ன பயன் என்று மாமா கேட்பார். 2018-ல் கர்நாடகத்தில் முதலில் தென்பட்டு, நம் மக்காச்சோளக் காடுகளுக்கும் வந்து அழித்த அமெரிக்கன் படைப்புழு ஓர் அந்துப்பூச்சியின் புழு. அதில் சோள வகை, நெல் வகை என இரண்டு உண்டு. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது, மரபணுவைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். வந்திருப்பது எது, எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் எந்தப் பயிருக்கு ஆபத்து என்று எப்படி முடிவெடுப்பது? உங்கள் பக்கத்தில் மல்பெரி போட்டு வளர்க்கிறார்களே, அந்தப் பட்டுப்புழுவும் இதே கூட்டம்தான்.

சரி, எங்கே படிப்பது? திருவனந்தபுரம், திருப்பதி, புனே உட்பட ஏழு ஊர்களில் மத்திய அரசின் ஐசர் என்ற அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள் இருக்கின்றன. ஐந்து வருட பி.எஸ்.-எம்.எஸ். படிப்பு. திருவனந்தபுரம் ஐசரில் பட்டாம்பூச்சிகளின் பரிணாமத்தையே ஆராயும் உல்லாச கோதண்டராமையாவின் ஆய்வகம் இருக்கிறது. நுழைவுத் தேர்வின் பெயர் ஐ.ஏ.டி. உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கிலும் தலா 15 கேள்விகள். கணிதம் படிக்காதவர்களும் எழுதலாம், ஆனால் அந்த 15 கேள்விகளில் உங்கள் மகள் பின்தங்குவாள். மற்ற மூன்றில் அதை ஈடுகட்ட வேண்டும். புவனேஸ்வரில் இதே போன்ற நைசர் என்ற மத்திய அரசு நிறுவனத்துக்கு நெஸ்ட் என்ற தேர்வு தனியாக உண்டு, அதையும் எழுதட்டும். இந்தத் தேர்வுகளை எந்த ஆண்டுகளில் பிளஸ் டூ முடித்தவர்கள் எழுதலாம் என்பதற்கு வரம்பு இருக்கிறது. நீட்டுக்காக வருடங்களை விட்டால் இந்தக் கதவும் மூடிவிடும்.

செலவு. ஐசரில் கட்டணம், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு ஒன்றரை லட்சம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். சரியான தொகையை அந்தந்த ஐசரின் இணையதளத்தில் பாருங்கள். தகுதி பெறுபவர்களுக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய் வரை உண்டு. பி.எச்டி.க்குப் போனால் நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாயும், அப்புறம் 42,000 ரூபாயும் வரும், வீட்டு வாடகைப் படி தனி.

இதே பாடத்தை "ஜெனெடிக்ஸ்" என்று பலகை மாட்டி வருடத்துக்குப் பல லட்சம் கேட்கும் தனியார் பல்கலைக்கழகங்கள் உண்டு. கடன் வாங்கி அங்கே சேர்க்காதீர்கள். ஐசரும் நைசரும் கிடைக்காவிட்டால் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல் போதும். பிறகு எம்.எஸ்சி., அப்புறம் ஜே.ஆர்.எஃப்.-க்கான நெட் தேர்வு. வழி நீளம், ஆனால் கடன் இல்லை.

வேலை நிலவரத்தையும் மறைக்க மாட்டேன். விஞ்ஞானி, பேராசிரியர் பணியிடங்கள் குறைவு, போட்டி கடுமை. நிலையான வேலையில் உட்கார முப்பது வயதைத் தாண்டும். ஆனால் இவள் கற்கப்போகும் புரோகிராமிங், புள்ளியியல், மரபணுத் தரவு ஆய்வு மூன்றும் மருத்துவ ஆய்வகத்திலும் விதை நிறுவனத்திலும் செல்லும். "கல்யாண வயசு போயிடும்" என்று சித்தி சொல்கிறாராம். ரிப்பீட்டர் வருடம், எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம், பி.ஜி. தயாரிப்பு, பி.ஜி. மூன்று வருடம் என்று கூட்டிப் பார்த்தாலும் 28-ஐத் தாண்டுகிறது. அதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

மகளிடமும் எனக்கு ஒரு கண்டிப்பு உண்டு. புழு வளர்ப்பதும் படம் எடுப்பதும் மட்டும் பிடித்திருந்தால், அதைப் பொழுதுபோக்காக வைத்துக்கொண்டு வேறு படிக்கலாம். இந்தத் துறையில் பாதிக்கு மேற்பட்ட நேரம் கம்ப்யூட்டர் முன்னால்தான் போகும். அதைச் சோதிக்கச் செலவே இல்லை. ஜென்பேங்க் என்ற பொதுத் தரவுத்தளத்திலிருந்து கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி, ரோஜா அழகி, சிவப்புடல் அழகி, பட்டுப்பூச்சி ஆகியவற்றின் அந்த 658 எழுத்துத் துண்டை இறக்கி, மெகா என்ற இலவச மென்பொருளில் குடும்ப மரம் வரையட்டும். பொங்கல் விடுமுறை போதும். யார் யாருக்கு நெருங்கிய சொந்தம், ஏன் என்று அவள் உங்களுக்கு விளக்க வேண்டும். மரம் சரியாக வராதபோது எரிச்சலோடு மூடிவைக்கிறாளா, ராத்திரி வரை தோண்டிக்கொண்டிருக்கிறாளா என்று கவனியுங்கள். மூடிவைத்தால் என்னிடம் திரும்ப வாருங்கள், வேறு பேசலாம்.

ஐ.ஏ.டி. விண்ணப்பம் வழக்கமாக மார்ச் வாக்கில் தொடங்கும். நீட்டையும் ஒரு முறை எழுதட்டும், தவறில்லை. மாமா கட்டச் சொல்லும் நாமக்கல் முன்பணத்தை மட்டும் இரண்டு தேர்வுகளின் முடிவும் வரும் வரை கட்டாதீர்கள்.