அம்மாவின் மறதி: தூக்க மாத்திரை கொடுக்கும் முன்

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு 69 வயது, கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர். பிரஷருக்கும் சீனிக்கும் கிளினிக்கில் மருந்து எடுக்கிறார். ஒரு வருடமாக மறதி இருக்கிறது. இரண்டு வாரமாக நடு ராத்திரியில் எழும்பி, "பிரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பேர் பதியும் இடத்துக்கு) நேரமாச்சு" என்று கூடையைத் தேடுகிறார். வயசானால் இப்படித்தான் என்கிறார்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்). தூக்க மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். தூக்க மாத்திரை குழப்பத்தைக் கூட்டும். இருட்டில் எழும்பி நடப்பவர் படியில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்ளவும் கூடும்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது ஒரு வருட மறதியை விட இந்த இரண்டு வாரம்தான். அல்சைமர் போன்ற மறதி நோய்கள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெதுவாக ஏறுபவை. சில நாட்களில் ஆள் மாறிவிட்டால் உடம்பில் வேறு ஏதோ நடக்கிறது என்று முதலில் நினைக்க வேண்டும். சிறுநீர்க் கிருமித் தொற்று, நிமோனியா, மலச்சிக்கல், உடம்பில் நீர் குறைதல், சீனி மருந்தால் சீனி அளவுக்கு மீறி இறங்குதல் என எதுவும் வயதானவர்களின் மூளையைக் குழப்பிவிடும். காய்ச்சல் இல்லாமலே தொற்று இருக்கலாம். கக்கூஸ் வெளியே இருக்கும் லயங்களில், குளிருக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் அம்மாமார் எத்தனையோ பேர்.

அண்மையில் எங்காவது வழுக்கி விழுந்தாரா என்று கேட்டுப் பாருங்கள். தலையில் பட்ட சின்ன அடிகூட மண்டையோட்டுக்குள் மெல்ல இரத்தம் கசியவிட்டு, சில வாரம் கழித்துக் குழப்பமாக வெளிவரலாம். சி.டி. ஸ்கேனில் அது தெரியும், பெரும்பாலும் சிகிச்சையும் உண்டு. அப்புறம், தடிமனுக்கும் சொறிச்சலுக்கும் கடையில் வாங்கும் பிரிட்டன் (Piriton) என்ற ஒவ்வாமை மாத்திரை. வயதானவர்களுக்கு அதுவே மறதியையும் குழப்பத்தையும் கொண்டுவரும்.

ஆகவே அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்க வேண்டாம். டிக்கோயா ஆஸ்பத்திரிக்கோ நுவரெலியா ஆஸ்பத்திரிக்கோ இந்த வாரமே கூட்டிப்போங்கள். மயக்கமாகவே கிடந்தாலோ, வாய் கோணினாலோ, ஒரு கை விழுந்துபோனாலோ, பேச்சு குழறினாலோ உடனே 1990-க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம்.

டாக்டருக்கு உங்களோடு பேசக் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். அதனால் மறதி எப்போது தொடங்கியது, எப்போது கூடியது, விழுந்தாரா, என்னென்ன மருந்து எடுக்கிறார் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். கடையில் வாங்கியதையும் நாட்டு மருந்தையும் மறைக்காதீர்கள். கிளினிக் கொப்பி, மருந்துப் பை எல்லாம் கையில் இருக்கட்டும்.

இனி அந்த ஒரு வருட மறதி. தைரொயிட், விட்டமின் பி12 இரண்டையும் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். பி12 இறைச்சி, மீன், முட்டை, பாலில் கிடைப்பது. ரொட்டியும் சம்பலும் பருப்பும்தான் தினச் சாப்பாடு என்றால் குறைவதற்கு வாய்ப்பு அதிகம். சீனிக்குக் கொடுக்கும் மெட்போமினை வருடக்கணக்கில் எடுத்தாலும் பி12 குறையும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வேலையும் சிநேகிதிகளும் போன பிறகு வரும் மனச்சோர்வும் பார்வைக்கு மறதி போலவே இருக்கும். இவையெல்லாம் மருந்துக்குக் கட்டுப்படுபவை. "வயசாச்சு" என்ற சொல்லால் இவற்றை மூடிவைப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எல்லாம் பார்த்த பிறகு அல்சைமர்தான் என்று தெரிந்தால், அதைக் குணமாக்கும் மருந்து இன்றைக்கு இல்லை. சிலருக்குக் கொஞ்சக் காலம் உதவும் மாத்திரைகள் உண்டு. பிரஷரைக் கட்டுக்குள் வைப்பது, காது கேட்காவிட்டால் கருவி போடுவது, கண்ணில் புரை இருந்தால் எடுப்பது, பகலில் நடக்கவும் நாலு பேரோடு பேசவும் வைப்பது எல்லாம் அப்போதும் தேவை. உங்களுக்கும் இது பொருந்தும். உலகில் மறதி நோயில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024-இல் கணித்தது. நடுவயதில் பிரஷரைக் கவனிப்பது அதில் முக்கியமான ஒன்று.

இன்றிரவு அம்மா கூடையைத் தேடினால், "வேலை விட்டு எத்தனை வருஷம் ஆச்சு" என்று சண்டை போடாதீர்கள். "முதல்ல தேத்தண்ணி குடிங்கம்மா" என்று உட்கார வையுங்கள். ஒரு சின்ன லைட் எரியட்டும். கதவின் கொண்டியை மேலே மாற்றிப் போடுங்கள், ஆனால் அவரைத் தனியாக உள்ளே விட்டுப் பூட்டாதீர்கள். பக்கத்துக் காம்பராக்களில் சொல்லி வையுங்கள். அவர் சட்டைப் பையில் உங்கள் போன் நம்பர் எழுதிய துண்டு ஒன்று எப்போதும் இருக்கட்டும்.