நாலு வயதாகியும் எழுதவில்லை, பள்ளியை மாற்றலாமா?

கேள்வி: என் மகளுக்கு நாலே கால் வயது. விளையாட்டு முறையில் சொல்லித்தரும் பள்ளியில் எல்.கே.ஜி. படிக்கிறாள். தினமும் மண்ணும் பெயின்ட்டுமாகத்தான் வீட்டுக்கு வருகிறாள். நோட்டில் ஓர் எழுத்துகூட இல்லை. பக்கத்து வீட்டில் அதே வயதுப் பையன் ஏ முதல் இசட் வரை எழுதுகிறான். “ஃபீஸ் கட்டி விளையாடவா அனுப்புகிறாய்?” என்கிறார் மாமியார். பள்ளியை மாற்றிவிடலாமா? (ஒரு தாய், கரூர்)

பதில்: அதற்கு முன் ஒரு சின்ன வேலை. ஒரு தாளில் வட்டமும் கூட்டல் குறியும் போட்டுக் காட்டி, மகளை அதேபோல் போடச் சொல்லுங்கள். ஓரளவு வந்துவிட்டாலே அவள் கை வயதுக்கேற்ப வளர்கிறது என்று அர்த்தம். பொதுவாக வட்டம் மூன்று வயதை ஒட்டி வரும், கூட்டல் குறி நான்கை ஒட்டி, முக்கோணம் ஐந்தை ஒட்டி. சாய்கோடு பிள்ளைகளுக்குத் தாமதமாகத்தான் பிடிபடும். ஆங்கில ‘ஏ’யில் சாய்கோடு இரண்டு. நம் ‘அ’வில் சுழி, வளைவு, நேர்கோடு மூன்றும் ஒரே எழுத்தில். நாலு வயதில் இதையெல்லாம் எழுத வைத்தால், பல பிள்ளைகள் படத்தைப் பார்த்து வரைவதுபோல வரைந்துவிட்டுப் போகிறார்கள். பக்கத்து வீட்டுப் பையனைக் குறை சொல்லவில்லை, சிலருக்குக் கை சீக்கிரம் படிந்துவிடும். ஆனால் அவன் எழுதிய ‘பி’யைக் காட்டி, அந்த ஓசையில் தொடங்கும் ஒரு சொல்லைக் கேட்டுப் பாருங்கள். சொன்னால் நல்லது. விழித்தால், எழுதுவதும் படிப்பதும் வேறு வேறு என்பது உங்களுக்கே புரியும்.

படிப்புக்கு அடிப்படை, ஒன்றை இன்னொன்றாகக் கொள்ளும் திறன். சொப்புச் சாமான் வைத்து விளையாடும்போது பூவரச இலை தோசை ஆகிறது, மண் சட்னி ஆகிறது. அங்கே இல்லாத தோசைக்கு இலை நிற்கிறது. நாளைக்கு ‘ப’ என்ற கோடு ஓர் ஓசைக்கு நிற்கப்போவதும் இதே மாதிரிதான். ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி, பாவனை விளையாட்டை எழுத்து மொழிக்கான முன்தயாரிப்பாகவே பார்த்தார். அதனால் மகள் கடை வைத்து விளையாடினால் நீங்களும் வாடிக்கையாளராகப் போய் உட்காருங்கள். “கால் கிலோ தக்காளி எவ்வளவு? பில் போட்டுக் கொடுங்கம்மா” என்று கேளுங்கள். அவள் கிறுக்கித் தரும் அந்த பில், எழுத்துக்குப் பொருள் உண்டு என்று அவளுக்குத் தெரிந்திருப்பதன் அடையாளம். எனக்கு அது நாலுவரி நோட்டைவிட மேல்.

கை பழகவும் வீட்டிலேயே வேலை இருக்கிறது. கோலமாவு எடுக்கக் குவியும் விரல்கள்தான் பென்சிலையும் பிடிக்கப்போகின்றன. பட்டாணி உரிக்கட்டும், முருங்கைக்கீரை ஆயட்டும், சப்பாத்தி மாவை உருட்டட்டும். சமையலறை கொஞ்சம் பாழாகும், அதற்கு நான் பொறுப்பில்லை.

சரி, பள்ளி விஷயத்துக்கு வருவோம். போர்டில் ‘பிளே ஸ்கூல்’ என்று எழுதிவிட்டு உள்ளே வரிசையாக உட்காரவைத்து ஒர்க்‌ஷீட் நிரப்ப வைக்கும் இடங்கள் ஏராளம். மாறாக, பிள்ளைகளை மண்ணில் விட்டுவிட்டு ஆசிரியர் ஃபோன் பார்க்கும் இடமும் உண்டு. இரண்டுமே விளையாட்டு வழிக் கல்வி அல்ல. அரை மணி நேரம் வகுப்பைப் பார்க்க அனுமதி கேளுங்கள். கட்டைகளை அடுக்கும் பிள்ளையிடம் ஆசிரியர் போய் “இது ஏன் சரிந்தது? அடியில் எதை வைக்கலாம்?” என்று பேசுகிறாரா? தினமும் கதை வாசிக்கிறாரா? பாட்டு, விடுகதை உண்டா? இவை இருந்தால் மாற்றாதீர்கள். இல்லையென்றால் நோட்டு காலியாக இருப்பதற்காக அல்ல, இந்தக் காரணத்துக்காக மாற்றலாம். சிறு பிள்ளைகளுக்கு எதை, எப்படிச் சொல்லித்தருவது என்று மத்திய அரசு 2022இல் வெளியிட்ட வழிகாட்டியான, அடிப்படை நிலைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகமும், 3 முதல் 6 வயதுவரை பாடப்புத்தகம் பரிந்துரைக்கக் கூடாது என்றே சொல்கிறது.

விளையாடினால் எழுத்து தானாக வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஐந்து வயதை ஒட்டி முறையாகச் சொல்லித்தரத்தான் வேண்டும். அப்போது ட, ப, ம என்று நேர்கோடு மிகுந்த எழுத்துகளில் தொடங்கினால் கைக்கு எளிது. ‘படம்’ என்று ஒரு சொல்லும் உடனே கிடைக்கும்.

கவனிக்க வேண்டியது வேறு. நாலு வயது தாண்டியும் மூன்று நான்கு சொல் சேர்த்துப் பேசவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, பாவனை விளையாட்டே இல்லை என்றால் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவமனையில் கேட்டால், வளர்ச்சியில் தாமதம் உள்ள பிள்ளைகளுக்கான மாவட்ட இடையீட்டு சேவை மையத்துக்கும் வழி சொல்வார்கள்.

அப்புறம், மாமியார். அவரோடு வாதம் வேண்டாம், பேத்தியோடு பல்லாங்குழி ஆட உட்காரச் சொல்லுங்கள். வரிசைக்கு 7 குழி, மொத்தம் 14, குழிக்கு 5 முத்து என்றால் எழுபது புளியங்கொட்டை வேண்டும். நாலு வயதுக்கு அது அதிகம். ஆளுக்கு மூன்று குழி, குழிக்கு மூன்று முத்து போதும். குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போவதில், ஒரு பொருளுக்கு ஓர் எண் என்பது விரலிலேயே பதிகிறது. ஒரு குழியில் நாலு சேர்ந்தால் “பசு!” என்று கத்தி எடுத்துக்கொள்ள வேண்டும், அதை எண்ணாமலே பார்த்ததும் கண்டுபிடிக்கப் பழகிவிடுவாள். வீட்டில் மூன்று வயதுக்குட்பட்ட இன்னொரு குழந்தை இருந்தால் மட்டும், ஆட்டம் முடிந்ததும் முத்துகளை எண்ணி டப்பாவில் போட்டு மேலே வைத்துவிடுங்கள். மூக்கில் போட்டுக்கொண்டு வரும் பிள்ளைகளை நிறையப் பார்த்தாகிவிட்டது.